நிழலும் ஆகாரமும்



சிறுவயதில் வேலியோரத்து ஓணானைக் கல்லெறிந்து துரத்தாதவர்கள் நம்மில் சிலரே. காலை வெயிலில் அது அசையாதிருப்பதைச் சோம்பல் என்று எண்ணினோம். உண்மையில் அது பிழைப்புக்கான வேலையையே செய்துகொண்டிருந்தது.

மனித உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்குகிறது. மிகுந்தால் வியர்வையினால் தணித்துக்கொள்கிறது. பல்லி, ஓணான் முதலியவற்றுக்குச் சிருஷ்டிகர் வேறோர் ஒழுங்கை வைத்தார். அவை வெப்பத்தை வெளியிலிருந்தே பெறுகின்றன. ஆகையால் குறைந்த ஆகாரமே அவற்றுக்குப் போதும். காலையில் வெயில் காய்ந்து இரைதேடி, உச்சிவெயிலில் புதருக்கும் வளைக்கும் பாறையிடுக்குக்கும் ஒதுங்குகின்றன. சில வாயைத் திறந்து மூச்சுவிட்டுச் சூட்டைத் தணிக்கின்றன. சில தோலின் நிறத்தை வெளிறச் செய்கின்றன.

பூமியின் வெப்பம் உயரும்போது இந்த வழிகள் போதுமா? மெக்சிகோவில் 200 இடங்களில் 48 இனப் பல்லிகளைப் பாரி சினெர்வோ என்னும் அறிஞரின் குழு ஆராய்ந்தது. 1975-க்குப் பின் அங்கு வாழ்ந்த பல்லிக் கூட்டங்களில் 12 சதவீதம் அற்றுப்போயின என்று 2010-இல் அவர்கள் அறிவித்தனர். அவர்கள் கண்ட காரணம் சிந்திக்கத்தக்கது. நிழலில் ஒதுங்கி அவை வெயிலுக்குத் தப்பின. ஆனால், சந்ததிக்காகப் பலம் சேர்க்கவேண்டிய வசந்தகாலத்தில் ஒதுங்கும் நேரம் நீண்டு, இரைதேடும் நேரம் சுருங்கிற்று.

நிழல் உயிரைக் காக்கும், ஆகாரம் தராது. இந்த நெருக்கத்தை நாமும் அறிவோம். கட்டட வேலைக்கும் தள்ளுவண்டி வியாபாரத்துக்கும் செல்லும் நம் சபைச் சகோதரர், மே மாத நண்பகலில் ஒதுங்கினால் கூலி இல்லை. ஒதுங்காவிட்டால் உடல் தாங்காது.

வெப்பநாடுகளில் இப்பிராணிகள் தப்பிப்பதற்கு நிழலே இன்றியமையாதது என்று 2009-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் காட்டிற்று. மரத்தை வெட்டினால் அவற்றின் கடைசிப் புகலிடத்தையும் எடுத்துப்போடுகிறோம். தோட்டத்தைக் காப்பதே ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட முதற்பணி (ஆதி. 2:15).

"கர்த்தருடைய வருகை சமீபமாயிருக்க, இந்தக் கவலை ஏன்?" என்று சிலர் கேட்கலாம். எஜமான் வரும்வரை ஒப்புவிக்கப்பட்டதைக் காப்பவனல்லவா உண்மையுள்ள ஊழியக்காரன்?

ஆலய வளாகம் உள்ள சபையார் ஒரு வேம்பை நடுங்கள். வாடகைக் கூடத்தில் ஆராதிப்போர் தெருவோரத்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆட்களை வேலைக்கு வைத்திருப்போர் நண்பகலில் அவர்களுக்கு இளைப்பாறுதல் கொடுங்கள். அந்த நேரத்துக்கான கூலியைப் பிடிக்காதிருங்கள். பிள்ளைகளின் கையிலுள்ள கல்லையும் கீழே போடச் சொல்லுங்கள்.