மழலையோடு ஒரு விமானப் பயணம்

நம் கடற்கரை ஊர்களில் ஆண்மக்கள் பொருள் தேடிக் கடல் கடப்பதும், பெண்மக்கள் ஊரிலிருந்து வழி பார்த்திருப்பதும் நெடுங்காலப் பழக்கம். அந்நிலை இன்று வெகுவாக மாறியிருக்கிறது. குடும்ப விசா கிடைத்ததும் துபைக்கும், தம்மாமுக்கும், ஜித்தாவுக்கும் நம் சகோதரிகள் குழந்தைகளுடன் புறப்பட்டு விடுகின்றனர். கணவர் முன்னரே அங்கிருப்பார். ஆகவே, ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பிலும் கைப்பையைத் தோளிலும் சுமந்துகொண்டு தனியே விமானமேறும் பொறுப்பு தாயின் மீதே விழுகிறது.

அத்தாய் புறப்படும் வேளையில் உற்றார் கூறும் யோசனைகளுள் ஒன்று, “சளி மருந்து ஒரு கரண்டி கொடுத்து விடு, இறங்கும்வரை பிள்ளை தூங்கிவிடும்” என்பதாகும். அன்பினால் சொல்லப்படுவதே எனினும், பயண யோசனைகளில் இதைவிட ஆபத்தானது வேறில்லை.

மருந்து வேண்டாம்

உறக்கம் தரும் என்று பலரும் கொடுக்கும் புரோமெத்தசின் என்னும் மருந்து, இரண்டு வயது நிறையாத குழந்தைகளின் மூச்சையே அடக்கிவிடக் கூடியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டிலேயே இதுபற்றிக் கடும் எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டிலும், குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று மருந்தின் உறையிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் அரசு ஆணையிட்டது. மேலும், இத்தகைய மருந்துகள் சில குழந்தைகளுக்கு உறக்கத்திற்குப் பதிலாகப் படபடப்பையும் அமைதியின்மையையும் உண்டாக்கிவிடுகின்றன. காய்ச்சலோ காதுவலியோ இருப்பின், பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

பிள்ளை அழுதால் பிறர் முகம் சுளிப்பார்களே என்ற அச்சமே இந்த யோசனைக்கு வேர். குழந்தை காரணமின்றி அழுவதில்லை. காது வலிக்கிறது, தாகம் எடுக்கிறது, பசிக்கிறது, ஓரிடத்தில் இருக்கச் சலிக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பரிகாரம் தேடிக்கொள்ளலாம்.

காதுவலி ஏன் வருகிறது?

விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ளதுபோல் இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதற்கு ஒப்பாகவே இருக்கும். விமானம் இறங்கும்போது அழுத்தம் மீண்டும் கூடுவதால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் சிறு குழாய் திறந்தால் வலி தீரும். விழுங்கும்போது அது திறக்கிறது. எனவே, தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்பு, விமானம் தாழத் தொடங்கியதுமே தாய்ப்பாலோ, புட்டிப்பாலோ, தண்ணீரோ சிறுகச் சிறுகக் கொடுத்து வாருங்கள். உறங்கும் குழந்தை குறைவாகவே விழுங்கும். ஆகவே அந்நேரத்தில் மெல்ல எழுப்பிவிடுவது நல்லது. அழும்போதும் அக்குழாய் திறக்கிறது என்பதை அறிந்தால், தாயின் மனம் சற்று ஆறுதலடையும்.

விமானத்தினுள் காற்று மிகவும் வறண்டிருக்கும். குழந்தை கேட்காவிடினும் அடிக்கடி தண்ணீர் புகட்ட வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்

திருச்சியிலிருந்து துபைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரந்தான் என்று எண்ணி, அதற்கேற்ற உணவை மட்டும் எடுத்துச் செல்வோர் பலர். கீழக்கரையிலிருந்து திருச்சிக்குக் காரில் நான்கு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், விமானத்தில் நான்கு, இறங்கிக் குடிவரவுச் சோதனை முடிந்து பெட்டிகள் வந்து சேர ஒன்று. ஆக, குழந்தைக்கு இது பன்னிரண்டு மணி நேரப் பயணம். மூன்று மணிக்கு ஒன்று வீதம் நான்கு டயபர்களும், தாமதத்தை எண்ணி மேலும் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். குழந்தைக்கு இரண்டு மாற்றுடைகளும் வேண்டும். தாய்க்கும் ஒரு மாற்றுடை அவசியம். குழந்தை நனைத்த ஆடையுடன் தொழ முடியாதல்லவா?

உணவு வீட்டில் பழகியதாகவே இருக்கட்டும். இடியாப்பம், வாழைப்பழம், கொட்டை நீக்கிச் சிறிதாக நறுக்கிய பேரீச்சம்பழம் ஆகியவை ஏற்றவை. கடலை, கெட்டி மிட்டாய் முதலியன தொண்டையில் அடைக்கும், தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவங்களைக் கைப்பையில் கொண்டுசெல்ல இயலாதெனினும், பயணத்திற்குத் தேவையான குழந்தை உணவுக்கும் பாலுக்கும் விலக்கு உண்டு. சோதனையின்போது அவற்றைத் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

சீட்டும் இருக்கையும்

இரண்டு வயது நிறையாத குழந்தை தாயின் மடியில் பயணம் செய்யலாம். நிறைந்தபின் தனி இருக்கை வேண்டும். திரும்பும் தேதிக்குள் இரண்டு வயது நிறைந்துவிடுமாயின், திரும்பும் பயணத்திற்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவை. சிறு குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்தாண்டுகளுக்கே செல்லும் என்பதால், அதன் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானத் தொட்டிலுக்குச் சீட்டு எடுக்கும்போதே சொல்லி வைக்கவும். அதற்கு எடை வரம்பு உண்டாகையால், நடக்கத் தொடங்கிய குழந்தைக்குப் பெரும்பாலும் மடியே தொட்டிலாகும்.

குழந்தையைத் தரையில் உறங்க வைக்கக் கூடாது. ஆபத்து வேளையில் பிராணவாயு முகமூடி அங்கே எட்டாது. அம்முகமூடி இறங்கினால் முதலில் தாய் அணிந்து, பின்னர் குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். தாய் மயங்கிவிட்டால் குழந்தைக்கு உதவுவார் யார்? மடியில் பிள்ளை இருக்கும்போது சூடான தேநீரைக் கையில் வாங்காதீர்கள்.

சலிப்பைப் போக்க, குழந்தை முன்பு பார்த்திராத நான்கைந்து சிறு பொருள்களை மறைத்து வைத்து, மணிக்கொன்றாக வெளியே எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் கால்மணியில் சலித்துவிடும்.

தொழுகைக்கும் சலுகை உண்டு

இத்தனைக்கும் இடையில் தொழுகை தவறுமோ என்று கலங்க வேண்டியதில்லை. நான்கு ரக்அத் தொழுகைகளைப் பயணத்தில் இரண்டாகச் சுருக்கும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி பெற்றுள்ளனர். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் வந்துள்ள செய்தியாகும்.

இறுதியாக ஒரு சொல், உடன் பயணம் செய்வோருக்கு. நீட்டித் தொழ எண்ணி நின்ற பெருமானார் (ஸல்) அவர்கள், பின்னாலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாய் படும் துன்பத்தை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். அவர்களின் உம்மத்தினராகிய நாம், அடுத்த இருக்கையில் ஒரு குழந்தை அழும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது தகுமா? பையை மேலே ஏற்றி வைக்கவும், தாய் ஒளுச் செய்து வரும்வரை பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டவும் ஒருவர் முன்வந்தால் போதும். அவள் சுமை பாதியாகும்.

பயண துஆவை ஓதிப் புறப்படும் ஒவ்வொரு தாயையும் சேயையும் அல்லாஹ் நலமே சேர்ப்பானாக! ஆமீன்.