வெந்நீர்க் கொதிகலனும் அதன் புகைக்குழாயும்

புகைபோக்கி எவ்வளவுக்கு அகலமோ அவ்வளவுக்கு நன்று என எண்ணுவோர் பலர். வடஅமெரிக்காவின் பழைய வீடுகளில், வாயுவை எரித்து நீரைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பொறுத்தவரை, இவ்வெண்ணம் உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும்.

அங்கே நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலையும் வெந்நீர்க் கொதிகலனும் ஒரே செங்கற் புகைபோக்கியைப் பகிர்ந்துகொள்வது நெடுநாள் வழக்கம். பழைய உலை பழுதானதும், எரிபொருளை மிச்சப்படுத்தும் புதுவகை உலையை வீட்டுக்காரர் வாங்குகிறார். அதுவோ தன் புகையைத் தனியொரு பிளாஸ்டிக் குழாய் வழியே சுவருக்கு வெளியே விட்டுவிடும். இரண்டுக்கென அமைத்த புகைபோக்கியிற் கொதிகலன் மட்டும் எஞ்சுகின்றது. அந்நாட்டுத் தொழிலாளர் இதனை அநாதைக் கொதிகலன் என்றே அழைப்பர்.

இவ்வகைக் கொதிகலனிற் புகையைத் தள்ளுவதற்கு விசிறி கிடையாது. சூடான வாயு இலேசாகி மேலெழும் விசை ஒன்றே அதற்குத் துணை. குளிர்ந்த செங்கற்சுவர் அச்சூட்டை உறிஞ்சிவிட்டால் அவ்விசை ஒடுங்கிவிடும். ஒரு கனவடி மெதேன் எரிந்தால் ஏறத்தாழ 2 கனவடி நீராவி பிறக்கும். அது சுவரிற் படிந்து, அமிலநீராகிச் சாந்தை அரிக்கும். மேலேற மாட்டாத புகை, கொதிகலனின் உச்சியிலுள்ள திறந்த தகட்டுக் கவிகையின் வழியாக அறைக்குள் வழியும். நல்ல காற்றுக் குன்றி எரிதல் கெடுமாயின் காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமும் மணமும் அற்ற இந்நஞ்சு, ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும்.

இதற்குப் பரிகாரம், புகைபோக்கியினுள்ளே அளவான உலோகக் குழாயொன்றை இறக்குவதாகும். கொதிகலனின் வெப்ப வலு, குழாயின் உயரம், கிடையாகச் செல்லும் தூரம் ஆகிய மூன்றையுங் கொண்டு அட்டவணையிற் பார்த்தே விட்டத்தைத் தீர்மானித்தல் வேண்டும். சாதாரண வீட்டுக் கொதிகலனுக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குலமே போதுமானது. கொதிகலனிலிருந்து செல்லும் இணைப்புக்குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது ஏறிச்செல்லல் வேண்டும். பொருத்துகள் திருகாணியால் இறுக்கப்படல் வேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாயாயின் மரத்திலிருந்து 6 அங்குலம் விலகியிருத்தல் அவசியம்.

வேலை முடிந்தபின், கதவு யன்னல்களை அடைத்து, காற்றை வெளியேற்றும் விசிறிகள் யாவற்றையும் ஓடவிட்டுச் சோதிப்பர். விசிறிகளை நிறுத்திவைத்துச் சோதித்துச் சான்று கூறுவோரும் உளர். அது விடையைப் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதுவதை ஒக்கும். கொதிகலன் 5 நிமிடம் எரிந்தபின், அணைத்த தீக்குச்சியின் புகையைக் கவிகையின் ஓரத்திற் பிடித்தால், அது உள்ளே இழுபடல் வேண்டும். வெளியே தள்ளப்படுமாயின், அக்கணமே வாயுவை நிறுத்திவிட்டு யன்னல்களைத் திறந்துவிடுதல் வேண்டும்.