ஐஸ்லாந்துக்குப் போய்ச் சேராத பாசி

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் நீர் பொங்கி வரும் வாயருகே ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. அங்கே சூடு அவ்வளவு அதிகம். வழிந்தோடும் நீர் ஆறி ஏறக்குறைய 73 டிகிரி செல்சியசுக்கு இறங்கிய பிறகுதான் ஓடையின் தரையில் மஞ்சளும் பச்சையுமாக மெல்லிய வழவழப்பான படலம் தொடங்குகிறது. அது சினெகோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியா. தழைச்சத்துக்காக நெல்வயலில் விடும் நீலப்பச்சைப் பாசிக்கு உறவு. நீர் இன்னும் ஆறிய இடங்களில் மாஸ்டிகோகிளாடஸ் இழை இழையாகப் படர்கிறது. குளிர்ந்த தாது ஊற்றுகளில் இப்படி வடிகட்டும் சூடு இல்லை. ஓடையிலும் ஈரப்பாறையிலும் வாழும் நாஸ்டாக், ஃபார்மிடியம் போன்றவை அங்கே எளிதாகக் குடியேறிவிடும். குளிருக்கென்றே தனி வகை தேவையில்லை: துருவப் பகுதியின் சயனோபாக்டீரியாக்களிலேயே பல, 20 டிகிரியை ஒட்டித்தான் செழிப்பாக வளர்கின்றன. குளிரைத் தாங்குகின்றனவே தவிர அதை நாடுவதில்லை. ஆகவே வகைகளை எண்ணிப் பார்த்தால் கொதிக்கும் ஊற்று ஏழையாகத் தெரியும். ஆனால் அதன் மதிப்பை அந்த எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. கொதிக்கும் ஊற்று கடல் நடுவே கிடக்கும் தீவைப் போன்றது. அங்கே இருப்பது வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம்.

நுண்ணுயிர்களுக்கு ஏது தீவு, காற்றே அவற்றை எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுமே என்று கேட்கலாம். நுண்ணுயிர்கள் எங்கும் உண்டு, எது வளரும் என்பதைச் சூழலே முடிவு செய்கிறது என்று டச்சு அறிவியலாளர் பாஸ் பெக்கிங் 1934இல் எழுதியது நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. அதற்கு ஐஸ்லாந்தே பதில். சினெகோகாக்கசுக்கு ஏற்ற சூடும் நீரும் அங்கே தாராளமாக உண்டு. ஆனால் 1960களில் அந்த ஊற்றுகளை ஆராய்ந்த ரிச்சர்டு காஸ்டன்ஹோல்ஸ் அங்கே மாஸ்டிகோகிளாடசையே கண்டார். அதுவும் 64 டிகிரி வரைதான். அதற்கு மேல் 73 வரை உள்ள இடத்தில் சயனோபாக்டீரியாவே இல்லை. சூழல் காத்திருந்தும் குடிவர வேண்டியது வந்து சேரவில்லை. வட அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, இத்தாலி ஊற்றுகளின் சினெகோகாக்கஸ்களை மரபணு வழியே ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வு, அவை இடத்துக்கு இடம் தனிக்கிளைகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டியது. நீரின் வேதியியல் வேறுபாடு இந்தப் பிரிவை விளக்கவில்லை, தூரமே விளக்கியது. மாஸ்டிகோகிளாடஸ் உலகெங்கும் பரவியிருப்பது உண்மைதான். அது உலர்ந்தாலும் உறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும், அதனால் பயணம் தாங்குகிறது. ஒன்று ஊர் சுற்றுகிறது என்பதால் எல்லாம் சுற்றும் என்று ஆகிவிடாது.

சரி, ஊற்றைக் காப்பதற்குப் பதில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து வைத்தால் போதாதா? யெல்லோஸ்டோனின் ஆக்டோபஸ் ஊற்றுப் படலத்திலிருந்து மரபணுத் தொடர்களை நேரடியாகப் பிரித்தெடுத்து டேவிட் வார்டும் சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்டார்கள். அவற்றில் எதுவும் அதுவரை ஆய்வகங்களில் வளர்த்து அறிந்திருந்த உயிர்களோடு பொருந்தவில்லை. குடுவையில் சுலபமாக வளர்வது வேறு, ஊற்றில் கோலோச்சுவது வேறு. ஊற்று அழிந்துபோவதும் வெறும் கற்பனை அல்ல. நியூசிலாந்தின் வைராகேயில் 1958இல் புவிவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின், அங்கிருந்த பள்ளத்தாக்கின் வெந்நீர்ப் பீச்சல்கள் அடங்கிப்போயின. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் புவிவெப்பத்துக்காகத் துளையிடும் முன் அங்குள்ள ஊற்றின் படலத்தில் என்ன வாழ்கிறது என்று மரபணு வழியே பார்த்துவிட வேண்டும். வேறெங்கும் இல்லாத கிளை என்று தெரிந்தால் அந்த ஊற்றை விட்டுவிட்டு வேறிடத்தில் துளையிட வேண்டும்.