சுவடிப் பதிப்பாய்வில் காலத்திட்ட மென்பொருள்: திட்டமிடலும் கண்காணிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

நெடிய ஆய்வுப் பணிகளைத் திட்டமிடக் காலத்திட்ட மென்பொருள்கள் துணைபுரிகின்றன. எனினும் அவை கணித்துத் தரும் முடிவுநாள், ஆய்வாளர் உள்ளிடும் பணிச்சார்பு, ஆள்வளம், முன்னேற்ற அளவு ஆகிய மூன்றையும் பொறுத்தது. தனியொருவர் மேற்கொள்ளும் ஆய்வில் இவற்றுள் ஒன்று விடுபடினும் முடிவுநாள் பிழைபடும் என்பதைச் சுவடிப் பதிப்புக்கான மாதிரித் திட்டம் ஒன்றின்வழி இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: காலத்திட்டம், நெருக்கடிப் பாதை, நெகிழ்வுக் காலம், ஆள்வளம், அடிப்படைத் திட்டம்.

முன்னுரை

ஆய்வேட்டுக்கும் நல்கைத் திட்டத்துக்கும் காலவரையறை உண்டு. அதன்பொருட்டு ஆய்வு முன்மொழிவில் மாதவாரியான அட்டவணை ஒன்று இணைக்கப்படுகின்றது. ஒரு பணி தாமதமானால் எந்தெந்தப் பணிகள் தள்ளிப்போகும் என்பதை அவ்வட்டவணை உணர்த்துவதில்லை. அதனை உணர்த்துவதே காலத்திட்ட மென்பொருளின் தலையாய பயனாகும்.

முறையின் தோற்றம்

பணிகளைக் கால அளவுக்கேற்ற பட்டைகளாகக் காட்டும் வரைபடம், 1910களில் அதனைப் பரவலாக்கிய ஹென்றி கான்ட் பெயரால் வழங்குகின்றது. 1950களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ரேண்டின் ஜேம்ஸ் கெல்லியும் பணிகளின் சார்பைக் கணிப்பொறியால் கணக்கிடும் நெருக்கடிப் பாதை முறையை உருவாக்கினர். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் முறை தோன்றியது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், கட்டற்ற மென்பொருளான புராஜெக்ட்லிப்ரே போன்றவை கான்ட் வரைபடத்தையும் நெருக்கடிப் பாதைக் கணக்கீட்டையும் ஒருங்கே தருகின்றன.

பணிச்சார்பும் நெருக்கடிப் பாதையும்

நூறு ஏடுகள் கொண்ட சுவடி ஒன்றைப் பதிப்பிக்கும் பணியைப் பின்வருமாறு பகுக்கலாம். கால அளவுகள் வேலைநாள்களில் தரப்பட்டுள்ளன.

அ. சுவடியை மின்னுருவாக்கல்: 30
ஆ. படியெடுத்தல்: 60 (அ முடிந்தபின்)
இ. முந்தைய பதிப்புகளைத் திரட்டல்: 20 (தொடக்கம் முதல்)
ஈ. பாட ஒப்பீடு: 45 (ஆ, இ முடிந்தபின்)
உ. அருஞ்சொல் விளக்கம் தொகுத்தல்: 25 (ஆ முடிந்தபின்)
ஊ. முன்னுரையும் அச்சுப்படியும்: 30 (ஈ, உ முடிந்தபின்)

இவற்றுள் அ, ஆ, ஈ, ஊ என்னும் தொடரே நீண்டது. அதன் அளவு 165 நாள்கள். இதுவே நெருக்கடிப் பாதை. இதில் எப்பணி ஒருநாள் தாமதித்தாலும் முடிவுநாள் ஒருநாள் தள்ளிப்போகும். மாறாக, அருஞ்சொல் பணிக்கு 20 நாளும் பதிப்புகளைத் திரட்டும் பணிக்கு 70 நாளும் நெகிழ்வுக் காலம் உண்டு. அருஞ்சொல் பணி 30 நாள் தாமதித்தால், நெகிழ்வு தீர்ந்து மொத்தக் காலம் 175 நாளாகும். நெருக்கடிப் பாதையும் அப்பணியின் வழியாக மாறும்.

ஆள்வளம் என்னும் வரம்பு

மேற்கண்ட 165 நாள், ஒரே வேளையில் நடைபெறும் பணிகளுக்குத் தனித்தனி ஆள்கள் உள்ளனர் எனக் கொண்ட கணக்காகும். ஆய்வாளர் ஒருவரே அனைத்தையும் செய்வாராயின் எப்பணியும் மற்றொன்றுடன் இணைந்து நடவாது. கூட்டுத்தொகையான 210 நாளும் தேவைப்படும். வாரத்துக்கு ஐந்து வேலைநாள் எனில் 33 வாரம் 42 வாரமாகின்றது. ஒவ்வொரு பணிக்கும் உரியவரைப் பதிந்து, ஆள்வளச் சமன்செய்தலை இயக்கினாலன்றி மென்பொருள் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

பிறரைச் சார்ந்த காத்திருப்பைப் பயன்கொள்ளவும் இக்கணக்கு வழிகாட்டுகின்றது. மின்னுருவாக்கத்தை நூலகப் பணியாளர் மேற்கொள்வாராயின், அந்த 30 நாளுக்குள் ஆய்வாளர் முந்தைய பதிப்புகளைத் திரட்டிவிடலாம். அப்போது மொத்தக் காலம் 190 நாளாகக் குறையும்.

கண்காணிப்பு

பணி தொடங்குமுன் ஏற்கப்பட்ட திட்டத்தை அடிப்படைத் திட்டமாகச் சேமித்தல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் இத்தகைய 11 படிகளைச் சேமிக்க இடமளிக்கின்றது. சேமிக்காமல் பட்டைகளை மட்டும் நகர்த்தினால் பழைய நாள்கள் அழிந்து, தாமதமே நிகழாததுபோல் தோன்றும்.

அடுத்து, முன்னேற்றத்தைக் கழிந்த நாளால் அன்றி முடிந்த பணியால் அளவிடுதல் வேண்டும். படியெடுத்தலில் 30 நாள் கழிந்தமையால் 50 விழுக்காடு எனப் பதிவது பிழை. நூற்றில் 40 ஏடுகளே முடிந்திருப்பின், அதே வேகத்தில் எஞ்சிய 60 ஏடுகளுக்கு 45 நாள் தேவை. ஆகவே படியெடுத்தல் 75 நாளாகவும், மொத்தப் பணி 190 நாளிலிருந்து 205 நாளாகவும் நீளும்.

இது திட்டத்தின் 60ஆம் நாளிலேயே தெரியவருகின்றது. அருஞ்சொல் பணியைத் துணை ஆய்வாளர் ஒருவர் ஏற்றால் 205 நாள் 180ஆகக் குறையும். அல்லது ஒப்பீட்டுக்குரிய பதிப்புகளின் எண்ணிக்கையை நெறியாளருடன் கலந்து வரையறுக்கலாம். இறுதி மாதத்தில் தெரியவந்தால் காலநீட்டிப்பு வேண்டுவதைத் தவிர வேறு வழியிராது.

முடிவுரை

பணிகளைச் சார்பின்படி இணைத்தல், செய்பவரைப் பதிதல், அடிப்படைத் திட்டத்தைச் சேமித்தல், முடிந்த ஏடுகளை எண்ணிப் பதிதல் ஆகிய நான்கும் அமைந்தால் மட்டுமே மென்பொருள் காட்டும் முடிவுநாள் நம்பகமானதாகும். சுவடியின் சிதைவும் எழுத்தின் தெளிவின்மையும் படியெடுக்கும் வேகத்தை மாற்றவல்லவை. எனவே முதற்சில ஏடுகளைப் படியெடுத்து வேகத்தை அறிந்தபின் கால அளவை வரையறுப்பது நலம். மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படும் இத்திட்டத்தை முனைவர்பட்டக் குழுவின் முன் வைத்தால், ஆய்வின் உண்மை நிலை உரிய காலத்தில் புலப்படும்.