பரணில் செம்புத் தகடு இருக்கா? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

1972-ல் சுதந்திர வெள்ளி விழாவின்போது தியாகிகளுக்கு மத்திய அரசு கொடுத்த தாமிரப் பட்டயமாக அது இருக்கலாம்.

பட்டயத்தைவிட, அதோடு கட்டிவச்ச மக்கிய காகிதங்கள்தான் பொக்கிஷம். மத்திய அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 6 மாதச் சிறைவாசத்தை நிரூபிக்கணும். ஜெயில் பதிவேடு கிடைக்காதவங்க, உடன் சிறையிருந்தவரிடம் சான்று வாங்கினாங்க. யார் யாரோடு உள்ளே இருந்தார் என்பதற்கு அது நல்ல தடயம்.

தியாகி, அவர் மனைவி, திருமணமாகாத மகள்களுக்குப் பிறகு ஓய்வூதியம் நின்றுவிடும். மகன், பேரனுக்குக் கிடையாது. ‘இனி எதுக்கு?’ என்று ஃபைல் குப்பைக்குப் போவது அப்போதுதான்.

திருவண்ணாமலைக்காரங்க கவனத்துக்கு: இது தனி மாவட்டமானதே 1989-ல்தான். பழைய பட்டியல்களில் தாத்தா பெயரை ‘வடஆற்காடு’ பகுதியில் தேடுங்க.