பிரித்துத் தைக்கத் தக்க தோற்பை

கைத்தொழிலாற் செய்யப்படும் பொருள்கள், பழுதுற்றால் எறியத் தக்கன, பழுதுற்றால் செப்பனிடத் தக்கன என இருவகைப்படும். தோற்பை இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்று வினவினால், தோல் நல்லதாயின் பையும் நீடிக்கும் என்று பலரும் விடை கூறுவர். அவ்விடை பாதியளவே உண்மையாம். பையின் ஆயுள் தோலில் மட்டுமன்றி, அதனை வகுப்போன் அமைக்கும் மூட்டுகளிலும் அடங்கியிருக்கின்றது என்பதை இங்கு விளக்கப் புகுகின்றோம்.

முதலில் தோலைப் பற்றிச் சிறிது கூறுவோம். பச்சைத்தோலை அப்படியே விட்டால் அழுகும், உலர்த்தினால் விறைக்கும். துவர்ப்புடைய பட்டைச் சாற்றை அதன் நார்களிற் செலுத்தி அழுகாவண்ணம் காப்பதே பதனிடுதலாம். தமிழ்நாட்டார் ஆவாரம்பட்டையாற் பதனிட்டு, கடுக்காய் நீரில் தோய்த்து, நிறத்தைத் தெளிவித்தனர். இத்தோல் 19-ஆம் நூற்றாண்டிற் சென்னைத் துறைமுகத்தினின்றும் இங்கிலாந்துக்கு மிகுதியாய் ஏற்றுமதியாகி, கிழக்கிந்தியத் தோல் என்று பெயர் பெற்றது. 1903-ஆம் ஆண்டிற் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் குரோமிய உப்பாற் பதனிடும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். பட்டையால் வாரக்கணக்கில் முடியும் வேலை அம்முறையால் ஓரிரு நாளில் முடியும், தோலும் மென்மையுறும். ஆயினும் பட்டைத்தோலுக்குத் தனிச்சிறப்பு உண்டு. அதன் வெட்டுவிளிம்பைத் தேய்த்து மெருகிடலாம். மேற்கீறலை எண்ணெயிட்டு மறைக்கலாம். கொடுத்த வடிவையும் அது எளிதில் இழவாது.

எம்முறையாற் பதனிடினும் நீர் மிகுதியும் செலவாகும், கழிவும் மிகும். வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைகளின் கழிவினாற் கிணறுகளும் கழனிகளும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டில் எறியப்படும் பை இருபதாண்டு உழைக்குமாயின், அதே தோலும் அதே நீரும் நான்கு மடங்கு பயன் தந்தனவாம். ஆதலின் செப்பனிடத் தக்கவாறு பையை வகுத்தல், சிக்கனம் மாத்திரமன்று; ஆற்றுக்கும் அயலாருக்கும் ஆற்றும் கடமையுமாகும்.

இனி, வகுக்கும் முறை யாதெனிற் கூறுதும். எப்பகுதி முதலிற் கெடுமோ, அப்பகுதி தனியே கழற்றத் தக்கதாய் இருத்தல் வேண்டும். பையில் முதலிற் கெடுவன தோள்வாரின் முனை, ஜிப்பு, அடிமூலை, உள்துணி என்னும் நான்குமாம். தோள்வாரைப் பையின் உடலோடு சேர்த்துத் தைத்துவிட்டால், வார் அறும்போது உடலையும் பிரிக்க நேரும். வளையமும் பக்கிளும் இட்டுப் பூட்டினால் வாரை மட்டும் மாற்றலாம். வாரை முதுகுத்தோலினின்றும் வெட்டவேண்டும். வயிற்றுத்தோல் இழுபட்டு நீளும். ஜிப்பைத் தனிப் பட்டையிற் பொருத்தி, அப்பட்டையைப் பையோடு தைத்தல் நன்று. அடிமூலைகளுக்கு மேலொட்டாக வேறு தோற்றுண்டு இடவேண்டும், தேய்வது அத்துண்டே. உள்துணியைப் பசையால் ஒட்டாது, வாயோரத்தில் ஒரே தையலாற் பிடித்தால், அதனைப் பிரித்து உட்புறத்தை எளிதில் அணுகலாம்.

தையலிலும் வேறுபாடு உண்டு. பொறித்தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவிற் பின்னிக்கொள்ளும். ஒன்று அறுந்தால் தையல் தொடர்ந்து நெகிழும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறத்தினின்றும் செலுத்தும் கைத்தையலில், ஓரிடத்தில் நூல் அறினும் ஏனைய இடங்கள் பிடித்து நிற்கும். துளைகளை மிக நெருக்கி இடலாகாது. இட்டால் தபால் தலையின் ஓரம்போலத் தோல் அவ்வரிசையிற் கிழியும். மறுமுறை தைக்கும்போதும் பழைய துளைகளையே பயன்படுத்தல் வேண்டும்.

கடலுக்கு அண்மையிலுள்ள நம் மஞ்சக்குப்பத்தார் உலோகத்தையும் கருத வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு விரைவிலே துருவேறும். அத்துருவும் பட்டைத் துவர்ப்பும் கூடினால் தோலிற் கருங்கறை படியும்; முன்னாளிற் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது இவ்வியல்பு பற்றியேயாம். ஆதலாற் பித்தளைப் பக்கிளே தக்கது. ஐப்பசி, கார்த்திகை மழையிற் பூஞ்சை பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலிற் காற்றாட வைக்கவேண்டும்; வெயிலில் இட்டால் தோல் வெடிக்கும்; பிளாஸ்டிக் உறையில் மூடினாற் பூஞ்சை மிகும்.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்பன அல்ல. நமக்கு வடக்கே ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில், 1978-ஆம் ஆண்டில் திலீப் கபூர் என்பார் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம், பட்டைத்தோலும் பித்தளையும் கொண்ட பைகளால் வெளிநாடுகளிலும் பெயர் பெற்றது. மெருகு பூசி மறைக்காத தோல், பழகப் பழக அழகுறும் என்பதற்கு அஃதோர் சான்று.

செப்பனிடத் தக்க பைக்குச் செப்பனிடுவோரும் வேண்டும். குத்தூசியும் மெழுகுநூலும் கொண்டு தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தொழிலாளியை நம் சமுதாயம் நெடுங்காலம் தாழ்வாக நடத்திற்று. அவர் அறிவையோ என்றும் கூலிக்கு வாங்கிற்று. பசையால் ஒட்டிய ரெக்சின் பையை அவரிடம் கொடுத்தால், எத்துணைக் கைத்திறன் உடையவராயினும் அவர் செய்யத்தக்கது சிறிதே. பிரித்துத் தைக்கத் தக்க பையைக் கொடுத்தால் அவர் தொழிலும் நிலைக்கும். ஆகவே, இனிப் பை வாங்குவோர் நிறத்தை நோக்குமுன், வாரைக் கழற்ற இயலுமா, உள்துணியைப் பிரிக்க இயலுமா, பக்கிள் பித்தளையா என்று நோக்குக. பை வகுக்கக் கற்கும் மாணவரோ, முதற் படத்தை வரைந்தவுடன் அதனை அத்தொழிலாளியிடம் காட்டி, இஃது அறுந்தால் எங்ஙனம் தைப்பீர் என்று கேட்பாராக.