மூட்டுக்கு மருந்து, கண்ணுக்கு?

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் என் தமக்கையைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக முடக்குவாதம். காபி டம்ளரை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. அந்தக் கோலத்தில் அவளுடைய கைகளைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"என்ன அக்கா, மருந்து சாப்பிடுகிறாயா, இல்லையா?" என்று கேட்டேன்.

"நிறுத்திவிட்டேன், தம்பி. இரண்டு மாதம் ஆயிற்று. அந்த மாத்திரை கண்ணைக் குருடாக்கிவிடுமாமே! பக்கத்து வீட்டு அம்மாள் கைப்பேசியில் வந்ததைப் படித்துக் காட்டினாள். கை போனாலும் போகட்டும். கண் இருந்தால் போதும்."

"டாக்டரைக் கேட்டாயா?"

"அவரைக் கேட்டால் சாப்பிடு என்றுதானே சொல்வார்?"

இந்தத் தர்க்கத்துக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது முழுப் பொய்யும் அல்ல என்பதுதான் சங்கடம். வைத்திய நண்பர்களைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் பிறகு நான் தெரிந்துகொண்டதை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

அந்த மாத்திரையின் பெயர் ஹைட்ராக்ஸிகுளோரோக்வின். உச்சரித்து முடிப்பதற்குள் மூட்டு வலி மறந்துபோகும்! ஆனால் அதன் வம்சம் நமக்குப் புதிதல்ல. தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ம் வருஷத்தில் பெல்த்தியே, காவெந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் அந்த மரம் நம் நீலகிரிக்கே வந்து சேர்ந்தது. உதகையிலிருந்து கூடலூர் போகும் வழியில் உள்ள நடுவட்டம் அதற்குப் பேர் போன இடம். மலை ஜுரத்துக்கு மருந்தான கொய்னாவைப் பார்த்து, அதே மாதிரி குணமுள்ள பொருள்களை ரசாயன சாலையிலேயே செய்ய முயன்றவர்களில் ஜெர்மனியின் ஆண்டர்ஸாக் என்பவர் 1934-ல் குளோரோக்வினைச் செய்தார். அதன் சாதுவான தம்பிதான் நம் மாத்திரை. 1955-ல் அமெரிக்காவில் அதை உபயோகிக்க அனுமதி கிடைத்தது.

ஜுர மருந்து வாத மருந்தானது எப்படி? இரண்டாவது உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்கு மலேரியா வராமல் தடுக்க மெபாக்ரின் என்ற மாத்திரையை ஏராளமாகக் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துப் போகும். ஆயினும் வேறு சில வியாதிகளுக்கு அதனால் குணம் தெரிந்தது. லூபஸ் என்ற கொடிய சரும வியாதிக்கு அது பயன்படுவதை 1951-ல் இங்கிலாந்தில் பேஜ் என்ற வைத்தியர் எடுத்துக் காட்டினார். அதன் வழியே இந்த வம்சம் முழுவதும் வாத வைத்தியத்தில் குடியேறிவிட்டது. 2020-ல் கொரோனாவுக்கு இதுவே கைகண்ட ஔஷதம் என்று கிளம்பிய கூச்சல் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது அந்த வியாதிக்குப் பயன்படவில்லை. ஆனால் அந்த அமளியில், மாத்திரையை நம்பியிருந்த வாத நோயாளிகள் பலர் அது கிடைக்காமல் திண்டாடினார்கள்.

இனிக் கண்ணின் சமாசாரம். 1959-ல் ஹாப்ஸ், ஸார்ஸ்பி, ஃப்ரீட்மன் என்ற மூவர் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளோரோக்வினை நெடுநாள் உண்டவர்களின் விழித்திரை சேதமாவதை அது தெரிவித்தது. விழித்திரைக்குப் பின்னால் கரிய நிறமி நிறைந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. இந்த மருந்து அந்த நிறமியோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையது. பல வருஷம் சென்றபின் படலமும் அதைச் சார்ந்த பார்வை அணுக்களும் நசிக்கத் தொடங்குகின்றன. நாம் எழுத்தைப் படிப்பதும், எதிரில் வருபவரின் முகத்தை அறிவதும் விழித்திரையின் நடுவிலுள்ள சிறு புள்ளியால்தான். அந்தப் புள்ளியைச் சுற்றி வளையம்போல் சேதம் உண்டாகிறது. முற்றிய நிலையில் அது அம்பு எய்யும் இலக்குப் பலகைபோல் தோன்றும்.

இதில் மோசம் என்னவென்றால் ஆரம்பத்தில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடுவார். படிக்கும்போது நடுவே எழுத்துக்கள் மறைவதும், நிறங்கள் மங்குவதும் பின்னால் வரும் குறிகள். அப்போது மருந்தை நிறுத்தினாலும் போன பார்வை திரும்புவதில்லை. சிலருக்கு நிறுத்திய பிறகும் சேதம் வளர்வதுண்டு.

இவ்வளவும் கேட்டால் என் தமக்கை செய்தது சரிதானே என்று தோன்றும். அப்படியல்ல. எத்தனை பேருக்கு, எந்த அளவில், எத்தனை காலத்தில் இது வருகிறது என்பதல்லவா கேள்வி? மெல்லெஸ், மார்மர் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஐந்து வருஷத்துக்கு மேல் இம்மருந்தை உண்ட 2,361 பேரை ஆராய்ந்து 2014-ல் கணக்கு வெளியிட்டார்கள். அதைக்கொண்டு அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கம் 2016-ல் ஒரு வரம்பு கட்டியது. உடல் எடையில் கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. அந்த வரம்புக்குள் உண்டால் முதல் ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே சேதம் வரும். பத்து வருஷம் வரை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இருபது வருஷம் தாண்டினால்தான் ஏறக்குறைய இருபதாகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்ஸிஃபென் உண்பவர்களுக்கும் அபாயம் அதிகம்.

மாத்திரை 200 மில்லிகிராம் அளவில் வருகிறது. எண்பது கிலோ எடையுள்ள ஆஜானுபாகுவுக்கு நாளைக்கு இரண்டு மாத்திரை சரி. நம் வீட்டுப் பெண்மணிகளில் அநேகர் ஐம்பது கிலோவைக்கூட எட்டாதவர்கள். ஐம்பது கிலோவுக்கு வரம்பு 250 மில்லிகிராம்தான். மூன்று நாள் ஒன்று, நான்காம் நாள் இரண்டு என்று உண்டால் கணக்கு நேராகும். என் தமக்கையின் எடை நாற்பத்து நான்கு கிலோ. ஆதியில் எழுதிக் கொடுத்தபடி அவள் பன்னிரண்டு வருஷமும் நாளுக்கு இரண்டு மாத்திரை விழுங்கி வந்திருக்கிறாள்! ஒரே சீட்டைக் கடையில் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தால் எடையை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

சோதனைகள் இரண்டு. முதல் வருஷத்துக்குள் ஒருமுறை கண்ணைப் பார்த்துவிட வேண்டும். ஐந்து வருஷம் ஆனபின், அபாயம் மிகுந்தவர்களுக்கு அதற்கு முன்பே, வருஷந்தோறும் பார்க்க வேண்டும். ஒன்றில், முகவாய்க்கட்டையை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவிளக்கையே உற்றுப் பார்க்க வேண்டும். அங்கும் இங்கும் மினுக்கும் சிறு ஒளிப்புள்ளிகள் தென்படும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். மற்றொன்று ஓ.சி.டி. என்ற படம். ஊசியில்லை, வலியில்லை, ஒளியைக்கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் காட்டிவிடும். ஆசிய வம்சத்தவர் ஒரு விஷயத்தை வைத்தியருக்கு நினைவூட்டலாம். சேதமுற்ற ஆசியர்களில் பாதிப் பேருக்கு வளையம் நடுப்புள்ளியை விட்டுச் சற்று எட்டவே தோன்றியதாக 2015-ல் அதே கலிபோர்னிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நடுவை மட்டும் சோதித்தால் அது தப்பிவிடும்.

வாத நோய்க்கு ஸ்டீராய்டும் உண்பவர்கள் கண்புரையையும் கண் அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். அது தனிக் கதை, இங்கே விரிக்கவில்லை.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? கனடாவில் லூபஸ் நோய் அடங்கியிருந்த 47 பேரை வைத்துச் செய்த பரீட்சை 1991-ல் வெளியாயிற்று. மருந்தைத் தொடர்ந்தவர்களைவிட, அதற்குப் பதில் வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு வியாதி மீண்டும் கிளம்பும் அபாயம் இரண்டரை மடங்கு இருந்தது. லூபஸ் கிளம்பினால் மூட்டோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

இதையெல்லாம் சொல்லி என் தமக்கையைக் கண் வைத்தியரிடம் அழைத்துப் போனேன். முதல் நாள் பொத்தான் சோதனையில் பதறிப்போய், தெரியாத புள்ளிக்கெல்லாம் அமுக்கித் தள்ளினாள். "இது கணக்கில் சேராது, அம்மா. அடுத்த வாரம் நிதானமாக வாருங்கள்" என்றார் வைத்தியர். அந்த ஒரு வாரம் அவள் தூங்கவில்லை. நானும் சரியாகத் தூங்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மறுமுறை சோதனையும் படமும் சுத்தமாக வந்தன. வாத வைத்தியர் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்து, எடையும் பார்த்து, நாளுக்கு ஒரே மாத்திரை என்று சீட்டைத் திருத்தி எழுதினார்.

"பன்னிரண்டு வருஷம் இரண்டு இரண்டாகச் சாப்பிட்டேனே!" என்று வழியெல்லாம் அங்கலாய்த்தாள். வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் அடுத்த வருஷம் கண் பார்க்க வேண்டிய தேதியைக் குறித்தாள். விரல் இன்னும் சரியாக வளையவில்லை. எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.